ஏடிஹெச்டி உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் கோச்சிங்கில் சேர்க்கலாமா?

பெங்களூரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகனுக்குக் கவனக்குறைவு மேலோங்கிய ஏடிஹெச்டி (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சார்ந்த மூளை வளர்ச்சி வேறுபாடு) என்று சென்ற மாதம் மதிப்பீட்டு அறிக்கை வந்திருக்கிறது. மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தும், வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதால் இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையில் ‘ஏடிஹெச்டி கோச்’ ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் பேசுவதற்கு மாதம் 12,000 ரூபாய் கேட்கிறார். மூன்று மாதத்தில் மாத்திரைப் பேச்சே எழாது என்றும் உறுதி சொல்லியிருக்கிறார். சேர்க்கலாமா என்பது கேள்வி. கடைசி வரியில், பையனிடம் ஏடிஹெச்டி என்று சொல்லாமல் ‘படிப்புத் திறன் வகுப்பு’ என்று மட்டும் சொல்லிச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அம்மா, நான் படித்த அளவில் உங்கள் உண்மையான கேள்விகள் இரண்டு. மாத்திரை இருக்கும் இடத்தில் கோச்சிங்கை வைக்க முடியுமா என்பது ஒன்று. பையனுக்குத் தெரியாமலே அவனைச் சரிசெய்துவிட முடியுமா என்பது மற்றொன்று. பணம் கட்டுவதா வேண்டாமா என்பது இவற்றுக்குப் பிறகு தானாகவே தெளிவாகிவிடும்.

நான் பதினேழு ஆண்டுகளாக இதே ஊரில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் ஒரு பள்ளியில், கற்றலில் தனி உதவி தேவைப்படும் மாணவர்களுக்கான ரிசோர்ஸ் அறையில் வேலை பார்த்தேன். பிறகு அல்சூரில் என் வீட்டு மாடியிலேயே மாணவர்களைத் தனித்தனியாகப் பார்த்து வருகிறேன். நான் மருத்துவர் அல்லள். உங்கள் மகனை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே சொல்வதில் மருந்தைப் பற்றிய பகுதியை உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு, ஜேஇஇ, நீட் என்று பலகை தொங்கும் மாடி வகுப்பு என்றே பொருள். நீங்கள் கேட்பது அதுவும் அல்ல, டியூஷனும் அல்ல, கவுன்சலிங்கும் அல்ல. டியூஷன் ஆசிரியர் பல்லுறுப்புக் கோவையைச் சொல்லிக் கொடுப்பார். கவுன்சலர் மனச்சுமையைக் கேட்பார். இந்தக் கோச்சின் வேலையோ, பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த பல்லுறுப்புக் கோவைக் கணக்கை அவன் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கி, முடித்து, மறுநாள் ஆசிரியர் மேசையில் வைக்கப் போகிறான் என்பதைக் கவனிப்பதுதான். 1994 வாக்கில் எட்வர்ட் ஹாலொவெல், ஜான் ரேட்டி என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், விளையாட்டுப் பயிற்சியாளரைப் போல ஒருவர் பக்கத்தில் நின்று நினைவூட்டிக்கொண்டே இருந்தால் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு நல்லது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகே இது தனித் தொழிலாக வளர்ந்தது.

ஏன் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார்? ஏடிஹெச்டி என்பது அறிவுக் குறைவு அல்ல, பெரும்பாலும் கவனமே இல்லாமையும் அல்ல. தெரிந்ததைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்யவைக்கும் மேலாண்மைப் பகுதி, அதாவது எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று சொல்லப்படுவது, அந்த மூளையில் மெதுவாக முதிர்கிறது. தொடங்குவது, காலத்தைக் கணிப்பது, இரண்டு செய்திகளை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்துவது, பாதியில் விட்ட இடத்துக்குத் திரும்புவது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. ரஸல் பார்க்லி என்ற உளவியலாளர், இத்திறன்கள் வயதைவிடச் சுமார் 30 விழுக்காடு பின்தங்கியிருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார். அது பெற்றோருக்குப் புரியவைப்பதற்கான தோராயக் கணக்குதான், அளந்து எடுத்த எண் அல்ல. ஆனாலும் பதினான்கு வயதுப் பையனிடம் பத்து வயதுக்குரிய தன்னாட்சியை எதிர்பார்த்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும் என்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவனின் பையை அவன் அனுமதியோடு தரையில் கவிழ்த்தோம். டிபன் துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. அறிவியல் வீட்டுப்பாடம், முழுவதும் எழுதி, படமும் வரைந்து, பாகங்களும் குறித்திருந்தான். அதைக் கொடுக்கவில்லை என்பதற்காக அந்த ஆசிரியர் பூஜ்யம் போட்டு வீட்டுக்குத் தகவல் அனுப்பியிருந்தார். வீட்டில் அடியும் விழுந்திருந்தது. “ஏன் கொடுக்கலை?” என்று கேட்டால் அவனுக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. எழுதி முடித்ததும் அவன் மனத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது. கொடுப்பது என்ற கடைசிப் படி அவன் கணக்கிலேயே இல்லை. டியூஷன் எவ்வளவு வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. நாங்கள் செய்தது, சிவப்பு உறை ஒன்றைப் பையின் முன்பக்கத்தில் வைத்து, முடித்த தாள் எதுவானாலும் அதற்குள்தான் போகவேண்டும் என்று பழக்கியதும், காலை முதல் மணி அடித்ததும் அந்த உறையைத் திறப்பான் என்று வகுப்பாசிரியரோடு பேசிவைத்ததும்தான். அது பழக்கமாவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

கோச்சிங் உரையாடல் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். “நாளைக்கு என்ன இருக்கு?” “ரெக்கார்டு.” “எப்போ எழுதப் போற?” “சாயங்காலம்.” “சாயங்காலம்னா, வேனிலிருந்து இறங்கி என்ன பண்ணின பிறகு?” “தோசை சாப்பிட்டு.” “சாப்பிட்டு எழுந்ததும் கை எதை எடுக்கும்?” இங்கே அவன் சிரித்துக்கொண்டே “போனை” என்பான். அப்போது போன் எங்கே இருக்கவேண்டும் என்று அவனே சொல்லவேண்டும். நான் சொன்னால் அது இன்னொரு கட்டளை. “சாயங்காலம்” என்ற பஞ்சு போன்ற சொல்லை, “தோசைத் தட்டைச் சிங்க்கில் போட்டதும் ரெக்கார்டைத் திறப்பேன்” என்ற கெட்டியான சொல்லாக மாற்றும்வரை பேச்சு முடியாது. எட்டு நிமிடம், பத்து நிமிடம் போதும்.

இனி எது உறுதி, எது உறுதியில்லை என்ற பகுதி. 1999-இல் வெளியான எம்டிஏ என்ற அமெரிக்க ஆய்வில் 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் சிகிச்சை தந்தார்கள். கவனச் சிதறல், துறுதுறுப்பு போன்ற மைய அறிகுறிகளைக் குறைப்பதில், நெருக்கமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, தனியாகத் தரப்பட்ட நடத்தைப் பயிற்சியை முந்தியது. இரண்டும் சேர்ந்த குழுவும் முந்தியது. ஆனால் மூன்றாம் ஆண்டில் அதே குழந்தைகளைப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மருந்துக் கட்சியும் மருந்து எதிர்ப்புக் கட்சியும் இந்த ஒரே ஆய்வின் ஆளுக்கொரு பாதியை மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் இணையத்தில் பார்த்திருக்கலாம். இரண்டு பாதியும் உண்மைதான்.

ஒழுங்கமைக்கும் திறனைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2013-இல் ஹோவர்ட் அபிகாஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான 158 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பையை அடுக்குவது, வேலையைக் குறித்துக்கொள்வது, நேரத்தைத் திட்டமிடுவது ஆகியவற்றை நேரடியாகக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் குழந்தைக்குக் கற்பிக்காமல், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஊக்குவிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி எதுவும் பெறாமல் காத்திருந்த மூன்றாவது குழுவைவிட இந்த இரண்டு குழுக்களுமே தெளிவாக முன்னேறின. இரண்டாவது குழுவின் முடிவை அடிக்கோடிட்டுப் படியுங்கள்; வெளியிலிருந்து ஒரு நிபுணரை வாடகைக்கு எடுப்பது ஒன்றே வழி அல்ல என்பது அதில் இருக்கிறது. கோச்சிங் என்ற பெயரிலேயே நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைப் பற்றியவை. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 148 மாணவர்களுக்கு எட்டு வாரக் கோச்சிங் தந்தபோது படிப்புப் பழக்கமும் தன்மதிப்பும் உயர்ந்தன. ஆனால் கோச்சிங் பெறாத ஒப்பீட்டுக் குழு அங்கே இல்லை, ஆகவே உயர்வு முழுவதையும் கோச்சிங்கின் கணக்கில் வரவு வைக்க முடியாது. தானாக விரும்பி வந்த இருபது வயது மாணவரிடம் கண்டதைப் பெற்றோர் கொண்டுவந்து உட்காரவைக்கும் பதினான்கு வயதுப் பையன்மேல் அப்படியே ஏற்றவும் கூடாது. மூளைப் பயிற்சி விளையாட்டுச் செயலிகளைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த விளையாட்டில் தேர்ச்சி வருகிறது, வீட்டுப்பாடத்தில் வருவதில்லை.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பதில்தான் எனக்கு உண்மையான தயக்கம். ஏடிஹெச்டி உள்ள பையனுக்குத் தடுமாற்றம் நேரும் இடம் சனிக்கிழமைத் திரைக்கு முன்னால் அல்ல. திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, தோசைத் தட்டுக்கும் போனுக்கும் நடுவில். உதவியும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் நிற்கவேண்டும். சனிக்கிழமை எவ்வளவு அருமையாகத் திட்டமிட்டாலும் செவ்வாய்க்கிழமைக்குள் அது காற்றில் போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன்: பாடத்துக்கு ஒரு வண்ணம் என்று அட்டையில் அழகான கால அட்டவணை எழுதி, லாமினேட் செய்து, ஒவ்வொரு மாணவன் வீட்டுச் சுவரிலும் ஒட்டவைத்தேன். சராசரியாக நான்கு நாள் வாழ்ந்தது. ஒரு வீட்டில் அந்த அட்டையைக் கேரம் போர்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். அதுதான் அந்த அட்டையின் மிகச் சிறந்த பயன் என்று இன்று நினைக்கிறேன். எனவே அந்தக் கோச்சிடம், அறுபது நிமிடத்தை நாற்பது நிமிடமாகக் குறைத்து, மீதியை வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சாகத் தருவாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் பேசிப்பார்க்கத் தகுந்தவர். மறுத்தால், அந்த 12,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே பொறுமையுள்ள ஒரு கல்லூரி மாணவரை மாலையில் அரைமணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைத் தான் பார்க்கச் சொன்னால்கூடக் கூடுதல் பயன் கிடைக்கலாம். பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பதே பலருக்குப் பிடிமானமாகிறது. இது என் அனுபவத்தில் சொல்வது, ஆய்வின் பலத்தில் அல்ல.

மூன்று மாதத்தில் மாத்திரைப் பேச்சே எழாது என்ற உறுதிமொழியை மட்டும் நான் எந்தத் தயக்கமும் இன்றி மறுக்கிறேன். மருந்து வேண்டும் என்று சொல்ல எனக்கு எப்படி உரிமை இல்லையோ அப்படியே வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை இல்லை. இந்தியாவில் மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இன்படி மருத்துவ உளவியலாளரும் சிறப்பாசிரியரும் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் வாங்கவேண்டும். கோச் என்ற தொழிலுக்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு போன்றவை தரும் சான்றிதழ் அவர் பயிற்சி பெற்றார் என்பதைக் காட்டும், அவ்வளவே. பயிற்சி எங்கே பெற்றார், இதற்கு முன் பதின்வயதினரோடு வேலை செய்தாரா, பள்ளி ஆசிரியரோடு பேசுவாரா, எது நடந்தால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புவார் என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

பெரியவர்களின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஏடிஹெச்டிக்குப் பரவலாக எழுதித் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாடு உள்ள அட்டவணை எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார், எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. இந்தக் கெடுபிடியைப் பார்த்ததும், ‘ஏதோ போதை மருந்து போலிருக்கிறது’ என்று தாத்தா பாட்டிக்குத் தோன்றுவது இயல்பே. அந்தக் கெடுபிடி, மருந்து தவறான கைக்குப் போகாமல் இருப்பதற்காக. அது 1944-இல் முதலில் தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது ஆகிய பக்கவிளைவுகள் நன்கு அறியப்பட்டவை. எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்ப்பார். இதைத் தவிர அட்டமாக்ஸெட்டின் போன்ற வேறு வகை மருந்தும் உண்டு. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். உங்கள் மாமனார் மாமியாரையும் அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போய், அவர்கள் கேள்வியை அவர்களே கேட்கவிடுங்கள். நீங்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பதைவிட அது நல்லது. நான் பார்த்த மாணவர்களில், மருந்தும் பழக்கப் பயிற்சியும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டன. மருந்து ஒருவனை நாற்காலியில் நிலைக்கச் செய்யும், ஆனால் முடித்த தாள் சிவப்பு உறைக்குள் தானாகப் போய்விடாது. மருந்தே இல்லாமல் நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகன் அவர்களில் ஒருவனா என்று தூரத்திலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

கோச்சுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த அறிக்கையை மீண்டும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் கற்றல் குறைபாடு உண்டா என்று தனியாகச் சோதித்திருக்கிறார்களா? ஏடிஹெச்டியோடு அதுவும் சேர்ந்து வருவது அபூர்வம் அன்று. இல்லையென்றால் நம் ஊரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் குழந்தை மனநலப் பிரிவு போன்ற இடத்தில் அதைக் கேட்டுப் பெறுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனிப் பெயராக இல்லை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்குக் கிடைக்கும் 60 நிமிடக் கூடுதல் நேரம் மாற்றுத்திறன் சான்றிதழைப் பொறுத்தது; ஆகவே பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் இப்போதே பள்ளியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முன்வரிசை இருக்கை, வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப்போடுவது, நீண்ட வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது ஆகியவற்றுக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். நல்ல வகுப்பாசிரியர் ஒருவர் போதும். இடையில் ஒன்று: வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்பதால்தான் குழந்தை குழம்புகிறான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று இந்த ஊரில் யாராவது சொல்வார்கள். ஏடிஹெச்டி மொழிகளால் வருவதல்ல. தமிழை நிறுத்த வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு சேர்ப்பதென்று முடிவு செய்தால், எட்டு வாரம் என்று எல்லை வைத்து, ஒரே ஓர் அளவை மட்டும் எண்ணுங்கள். மதிப்பெண்ணை எண்ணாதீர்கள், அது பல காரணங்களால் ஏறி இறங்கும். வாரத்தில் எத்தனை வீட்டுப்பாடம் ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாட்காட்டியில் குறியுங்கள். சேருவதற்கு முந்தைய இரண்டு வாரமும் குறித்தால்தான் ஒப்பிட முடியும். எட்டாவது வாரத்தில் எண் மாறவில்லையென்றால், கோச் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நிறுத்திவிடலாம்.

பையனிடம் சொல்லாமல் சேர்க்கலாமா என்பதற்கு என் பதில், கூடாது என்பதே. அறம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வேலையே நடக்காது. கோச்சிங் முழுவதும் “உனக்கு எங்கே வழுக்குகிறது?” என்ற கேள்வியின்மேல் நிற்பது; ஏன் வழுக்குகிறது என்பதை மறைத்துவிட்டு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? பதினான்கு வயதுக்குள் அவன் தனக்குத் தானே சோம்பேறி, மக்கு என்று ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பான். நீங்கள் சொல்லப்போகும் பெயர் அதைவிட நிச்சயம் நல்லது. தாயின் போனில் அறிக்கையைத் தானே கண்டுபிடித்த ஒரு மாணவன் என்னிடம் வந்து, “எனக்குப் பைத்தியமா, மிஸ்?” என்று கேட்டான், அந்தப் பயத்தைப் போக்க நாங்கள் இரண்டு மாதம் செலவிட்டோம். ஏடிஹெச்டி பெரிதும் பரம்பரையாக வருவது என்பதால், உங்கள் கணவரிடமோ உங்களிடமோ அதன் சாயல் இருந்தால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். “அப்பாவும் மூன்று முறை ஹால் டிக்கெட்டைத் தொலைச்சவர்தான்” என்று ஒரு தகப்பனார் என் எதிரிலேயே சொன்னபோது அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அவனிடம், முதலில் எது மாறவேண்டும் என்று கேட்டேன். அறிவியல் மதிப்பெண் என்று சொல்லுவான் என அவன் பெற்றோர் காத்திருந்தார்கள். “வேன் ஹாரன் அடிக்கும்போது நான் ஷூ போட்டு முடிச்சிருக்கணும்” என்றான். அதிலிருந்துதான் தொடங்கினோம், அறிவியல் எங்கள் பட்டியலுக்கு ஏழாவது வாரத்தில் வந்தது, அதுவும் அவனே கொண்டுவந்தான்.